புகை விலக்கம், கடும் மனநோயாளருக்குரியது

ஸ்கிஸோஃப்ரினியா, இருதுருவ நோய் முதலிய கடும் மனோவியாதிகளுக்கு ஆட்பட்டோர் புகைப்பழக்கத்தினின்றும் விடுபடுமாறு ஆலோசனையும் ஔஷதமும் சேர்த்தளிக்கும் சிகிச்சை முறை. முற்காலத்து மனநோய் மருத்துவமனைகள் பலவற்றில் நன்னடத்தைக்குப் பரிசாகத் தாதியரே சிகரெட்டை எண்ணிக் கொடுத்து வந்தமையால், இப்பழக்கத்தை வளர்த்ததில் வைத்தியத்துக்கும் பங்குண்டு எனலாம். புகை விலக்க ஔஷதங்களாகிய வரெனிக்லின், புப்ரோபியான், நிகோடின் ஒட்டுப்பட்டை ஆகியவற்றை எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் சோதித்த ‘ஈகிள்ஸ்’ ஆய்வு (2016), நோய் கட்டுக்குள் இருக்கும் மனநோயாளரிடத்தும் அவை மனக்கோளாறுகளைக் குறிப்பிடத்தக்க அளவு மிகுவிப்பதில்லை எனக் காட்டிற்று.

புகையிலுள்ள ஹைட்ரோகார்பன்களே, நிகோடின் அன்று, கல்லீரல் நொதியைத் தூண்டி, ஸ்கிஸோஃப்ரினியாவுக்கு அளிக்கப்படும் குளோசபின் மருந்தை விரைந்து சிதைப்பன. ஆதலின் புகைப்பதை நிறுத்திய சில தினங்களில் அம்மருந்து இரத்தத்தில் மிகுந்து, மிகு உறக்கமும் சிலபோது வலிப்பும் விளையக்கூடுமாகையால், இரத்தப் பரிசோதனையுடன் மருந்தளவைக் குறைப்பது அவசியமாகிறது. ஒட்டுப்பட்டை அணிந்தாலும் இம்மாறுதல் நிகழும்.