உல்கும் உறுபொருளும்: மோட்டுப்பள்ளிக் கல்வெட்டுகள் காட்டும் வணிக அறம்

திருக்குறளின் பொருள்செயல்வகை அதிகாரம் வேந்தர்க்குரிய பொருள்களை வகுத்துரைக்குங்கால் உறுபொருளையும் உல்கினையும் ஒருங்கு வைத்துக் கூறும். உல்கு சுங்கம் என்பது வெளிப்படை. உறுபொருள் என்பதற்கு, வைத்தார் இறந்தபின் நெடுங்காலம் நிலத்திற் கிடந்து கண்டெடுக்கப்பட்டதும் தாயத்தார் பெறாததும் எனப் பரிமேலழகர் பொருள் காண்பர். உடையார் இல்லாத பொருள் அரசனுடையது என்பதே இதன் அடிப்படை. உடையார் உயிரோடிருக்கவும், புயலாற் கரையொதுங்கிய கலத்தின் சரக்கினை இவ்வகையில் அடக்கலாமோ? கீழைக்கடற்கரை வேந்தர் பலர் அடக்கியே வந்தனர்.

காகதீய மன்னன் கணபதிதேவன் (கி.பி. 1199–1262) ஆந்திரக் கடற்கரையிலுள்ள மோட்டுப்பள்ளியில் 1244–45-இல் பொறித்த அஞ்சற்க என்னும் ஆணை இதனை ஒளிக்காது கூறுகின்றது. உடைந்து ஒதுங்கிய கலங்களிலிருந்த யானை, குதிரை, மணி முதலியவற்றை முன்னை வேந்தர் வலிந்து கவர்ந்தனராம். தான் வரையறுத்த சுங்கம் ஒழிந்த யாவற்றையும் வணிகர்க்கே விடுவதாக அவன் அறிவிக்கின்றான். உயிரினும் பொருளைப் பெரிதெனக் கருதிக் கடலிற் புகுந்தோர் என்று அவர்களைக் குறிப்பது கூர்ந்து நோக்கத்தக்கது. அது புகழ்ச்சியோ இரக்கமோ என்று துணிதல் அரிது. அருள், புகழ், அறம் ஆகியவற்றின்பொருட்டு இதனைச் செய்ததாக அவனே உரைக்கின்றான். துறைமுகம் செழித்தால் கருவூலமும் நிறையும் என்பதை அவன் அறியாதவன் அல்லன். பயன் கருதியமையால் அச்செயல் அறமாகாது என்பார் கூற்று எமக்கு உடன்பாடன்று. கலமுடைந்த வணிகன் அரசனது உள்ளத்தை ஆராயான். தன் சரக்கு மீண்டதோ என்றே நோக்குவான்.

இதனினும் சிறந்த கூறு ஒன்று அக்கல்லில் உண்டு. சந்தனம், கருப்பூரம், பன்னீர், தந்தம், முத்து, பவளம், மிளகு, பாக்கு முதலிய பண்டங்களுக்குரிய சுங்க வீதம் அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. பட்டினப்பாலை காட்டும் புகார்த்துறையில் சுங்கம் கொள்வோர் அயராது உழைக்கின்றனர். பண்டங்கள்மீது புலிப்பொறி இடப்படுகின்றது. ஆனால் எப்பண்டத்திற்கு எவ்வளவு என்பதை அப்பாட்டால் அறிதற்கில்லை. அறிவித்தல் பாட்டின் கடனும் அன்று. மோட்டுப்பள்ளியிலோ வீதம் கல்லில் நிற்றலின், மிகைகொள்ளும் அதிகாரியை வணிகன் அக்கல்லைச் சுட்டியே மறுத்தல் கூடும். இங்கு ஆணைக்கு உட்பட்டோர் வணிகர் மட்டும் அல்லர். அரசனின் ஏவலரும் ஆவர்.

காகதீயர் ஆட்சி 1323-இல் வீழ்ந்தது. 1358-இல் ரெட்டி மன்னன் அனபோதன் அதே ஊரில் மீண்டும் ஓர் ஆணை பொறிக்க நேர்ந்தது. குடியேறும் வணிகர்க்கு நிலம் தருவதாகவும், அவர் வேற்றூர் செல்ல விழையின் தடுப்பதில்லை எனவும், சரக்கினை விரும்பியவர்க்கு விற்கலாம் எனவும் அது கூறும். மகப்பேறின்றி இறந்தார் பொருளையும் அவன் கைவிட்டான். பரிமேலழகர் உறுபொருள் என்று அரசனுக்கு உரிமையாக்கிய இரண்டனுள் ஒன்று அது.