பத்துப் பிள்ளைகள் இருந்தால் ஒரு பள்ளி! பத்திரம் இல்லாத பிள்ளைக்கு?



முதலாம் ஆண்டு மாணவர் பதிவு நடைபெறும் போதெல்லாம் ஒரு மூதாட்டியின் முகம் என் நினைவுக்கு வரும். நான் பயிற்சிக் கல்லூரி முடித்துக் கிள்ளான் வட்டாரத்துப் பள்ளியொன்றில் பணியில் சேர்ந்த புதிது. பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் அலுவலக வாசலில் நின்றார். "பேரு வெச்சிருக்கோம் டீச்சர். சூராட் பெரானாக்தான் இல்ல" என்றார். பிறப்புப் பத்திரம் இல்லாமல் பதிய இயலாது என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அருகில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. தொடக்கக்கல்வி கட்டாயம் என்னும் அறிவிப்பு அதே அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. அச்சிறுவன் பிறகு வரவே இல்லை.

அந்தப் பத்திரம் ஏன் இல்லாமற் போனது? இக்கேள்வியே என்னை வரலாற்றின் பக்கம் திருப்பியது.

ஆங்கிலேயர் காலத்தில் நம்மவர் பிள்ளைகளிடம் எவரும் பத்திரம் கேட்கவில்லை. ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. இதைக் கருணை என்று சொல்வதற்கில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் தோட்டத்திலேயே நிலைத்திருக்க வேண்டும் என்பதே முதலாளிகளின் கணக்கு. பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் ஆசிரியர். ஆயினும் அங்கே தலை எண்ணிக்கை போதுமானதாக இருந்தது.

1957 ஆகஸ்டு 31-இல் நாடு விடுதலை பெற்றது. அதன்பின் இம்மண்ணில் பிறந்தவர்கள் சட்டப்படியே குடிமக்கள் ஆனார்கள். முன்பே பிறந்தவர்களும் குடியேறியவர்களும் பலர் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. தோட்டப்புறத்தில் எழுத்தறிவில்லாத பெரியவர்கள் அதன் அருமையை அறியவில்லை. 1962 அக்டோபர் முதல் இங்கே பிறந்தால் மட்டும் போதாது என்று விதி மாறியது. பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்று அப்போது விதிக்கப்பட்டது. அடுத்து வந்தது 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். குடியுரிமை இல்லாதோர் வேலை பெர்மிட் எடுக்க வேண்டியதாயிற்று. பல்லாயிரம் தமிழர்கள் கப்பலேறினர். இங்கேயே தங்கியவர்களில் பலர் சிவப்பு அடையாளக் கார்டுடன் வாழ்ந்தனர்.

பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1980-களிலும் 1990-களிலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. லயத்து வீட்டை இழந்த குடும்பங்கள் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கு நகர்ந்தன. நகரும்போது தகரப் பெட்டியில் இருந்த பத்திரங்களும் தொலைந்தன. தாத்தாவின் பத்திரம் இல்லை. ஆகவே தந்தைக்கு இல்லை. ஆகவே பேரனுக்கும் இல்லை!

இன்னொரு காரணமும் உண்டு. பெற்றோர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். 1982 மார்ச் முதல் நடப்பில் உள்ள திருமணச் சட்டத்தின்படி, கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. பதிவும் செய்ய வேண்டும். பதிவில்லாத் திருமணத்தில் பிறக்கும் குழந்தைக்குத் தாயின் குடியுரிமையே கணக்கிடப்படுகிறது. தந்தை நீல அடையாளக் கார்டு வைத்திருந்தாலும், தாய் வெளிநாட்டவராகவோ ஆவணமற்றவராகவோ இருந்தால் குழந்தை குடியுரிமை இன்றி நிற்கும்.

2002-இல் திருத்தப்பட்ட கல்விச் சட்டம், 2003 முதல் தொடக்கக்கல்வியைக் கட்டாயமாக்கியது. ஆனால் அக்கடமை குடிமக்களாகிய பெற்றோர்க்கே உரியது. சுவரில் அறிவிப்பும் வாசலில் மறுப்பும் ஒருங்கே இருந்ததன் காரணம் எனக்குப் பின்னரே விளங்கிற்று. 1995-இல் மலேசியா குழந்தை உரிமைச் சாசனத்தில் இணைந்தபோதும், குடியுரிமை பற்றிய பிரிவையும் இலவசக் கட்டாயத் தொடக்கக்கல்வி பற்றிய பிரிவையும் முழுமையாக ஏற்காமல்தான் இணைந்தது.

இதே கேள்வி அமெரிக்காவிலும் எழுந்தது. ஆவணமற்ற குடியேறிகளின் பிள்ளைகளுக்கு அரசுப் பணம் தருவதில்லை என்று டெக்சாஸ் மாநிலம் 1975-இல் சட்டம் இயற்றியது. டைலர் நகரப் பள்ளி நிர்வாகம் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1982 ஜூன் 15-இல், ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் அச்சட்டம் செல்லாதெனத் தீர்ப்பானது. பெற்றோர் செய்ததற்குப் பிள்ளையைத் தண்டித்தல் நியாயமன்று என்பதே அதன் சாரம். அத்தீர்ப்பு நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அங்கே அவர்கள் புதிதாக எல்லை கடந்து வந்தவர்களின் பிள்ளைகள். நம் பிள்ளைகளோ மூன்று தலைமுறையாக இங்கேயே பிறந்தவர்கள்!

இங்கும் மாற்றங்கள் நிகழ்ந்தன. 2007 நவம்பர் 25-இல் நடந்த ஹிண்ட்ராப் பேரணிக்குப் பின் நம்மவர் குறைகள் நாடறிந்தன. 2011-இல் 'மைடாஃப்தார்' பதிவு இயக்கம் நடந்தது. பெற்றோருள் ஒருவர் மலேசியராக இருப்பின், ஆவணமற்ற பிள்ளையும் அரசுப் பள்ளியில் சேர 2019 முதல் வழி எளிதாக்கப்பட்டது. எந்த நாட்டுக் குடியுரிமையும் இன்றி இங்கே பிறக்கும் குழந்தைக்கு அரசியலமைப்பு அளிக்கும் பாதுகாப்பைக் குறைக்கும் திட்டம், கடும் எதிர்ப்புக்குப் பின் 2024-இல் கைவிடப்பட்டது.

எனவே பெற்றோர்களே, திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். குழந்தை பிறந்த 60 நாட்களுக்குள் பிறப்பைப் பதியுங்கள். காலங்கடந்திருந்தாலும் தேசியப் பதிவு இலாகாவுக்குச் செல்லத் தயங்காதீர்கள்.

ஆசிரிய நண்பர்களே, பத்திரமில்லாத பிள்ளை வாசலில் நின்றால், "முடியாது" என்பது நம் முதற்சொல்லாக வேண்டாம். பெயரையும் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொள்வோம். மாவட்டக் கல்வி இலாகாவுக்கு வழிகாட்டுவோம். இயன்றால் உடன் செல்வோம். அன்று அந்த மூதாட்டியின் முகவரியையாவது நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அப்பிழை உங்களுக்கு நேராதிருக்கவே இதை எழுதினேன்.