கராச்சி – மதராஸ் வான்வழி: தூரமும் நேரமும்

திண்டிவனம் பக்கமுள்ள பிரம்மதேசத்திலிருந்து சென்னை விமான நிலையத்துக்குப் பேருந்தில் போய்ச் சேர ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். அதே நேரத்தில் ஒரு ஜெட் விமானம் சென்னையிலிருந்து கராச்சிக்கே போய்விடும். ஆனால் இன்று அப்படி ஒரு நேரடி விமானம் இல்லை. இத்தனைக்கும் ஏர் இந்தியாவின் வரலாறு தொடங்கியதே இந்த இரு நகரங்களையும் இணைத்த வழியில்தான்.

முதல் பயணம்

1929 முதல் லண்டனிலிருந்து கராச்சி வரை இம்பீரியல் ஏர்வேஸ் விமானங்கள் அஞ்சல் கொண்டுவந்தன. அந்த அஞ்சலைத் தெற்கே கொண்டுசெல்லும் பணியை டாடா நிறுவனம் ஏற்றது. 1932 அக்டோபர் 15 காலையில் ஜே.ஆர்.டி. டாடா ‘பஸ் மாத்’ என்னும் ஒற்றை இயந்திரச் சிறு விமானத்தில் கராச்சியிலிருந்து புறப்பட்டார். சுமை சுமார் 25 கிலோ அஞ்சல். விமானத்தில் வானொலிக் கருவி இல்லை. அகமதாபாத்தில் எரிபொருள் நிரப்பினார்கள். பெட்ரோல் தகரங்கள் மாட்டுவண்டியில் வந்தன. பிற்பகலில் விமானம் பம்பாய் ஜூஹூவில் இறங்கியது. அங்கிருந்து நெவில் வின்சென்ட் அஞ்சலைப் பல்லாரி வழியாக மறுநாள் மதராசுக்குக் கொண்டுவந்தார்.

கணக்கு

விமானத் தூரத்தைச் சாலைத் தூரம் போல அளப்பதில்லை. பூமி உருண்டை என்பதால், அதன் மேற்பரப்பில் இரு நிலையங்களுக்கு இடையிலுள்ள மிகக் குறுகிய வளைவே விமானத் தூரம். கராச்சி – சென்னை நேர்த்தூரம் ஏறத்தாழ 1,900 கி.மீ.; அகமதாபாத், பம்பாய், பல்லாரி என இறங்கி வந்தால் சுமார் 2,075 கி.மீ. பஸ் மாத் மணிக்கு 160 கி.மீ. பறந்தது என்று கொண்டால், வானில் இருந்த நேரம் 13 மணி. எரிபொருள் நிரப்பவும் விமானம் மாற்றவும் இரவு தங்கவும் ஆன நேரத்தைச் சேர்த்தால் இரண்டு நாள். பயண நேரம் என்பது எப்போதும் பறக்கும் நேரமும் தரையில் நிற்கும் நேரமும் சேர்ந்ததுதான்.

பின்னர்

1946இல் டாடா ஏர்லைன்ஸ் ‘ஏர் இந்தியா’ ஆனது. அடுத்த ஆண்டு நடந்த பிரிவினையில் கராச்சி வேறு நாட்டுக்குப் போனது. 2025 ஏப்ரலில் இந்தியாவும் பாகிஸ்தானும் மற்றவரின் விமானங்களுக்குத் தத்தம் வான்வெளியை மூடின. இன்று சென்னையிலிருந்து கராச்சிக்குத் துபாய் வழியாகப் போவதென்றால் சுமார் 2,900 கி.மீ., பிறகு 1,200 கி.மீ.; மொத்தம் 4,100 கி.மீ. நேர்த்தூரத்தைப் போல இரு மடங்குக்கும் மேல். பறக்கும் நேரம் மட்டும் ஆறு மணி. துபாயில் காத்திருக்கும் நேரம் தனி.

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வரும் என்று பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக் கொடுத்தேன். அந்தக் கணக்கு தவறில்லை. நாட்டு எல்லைகளுக்கு அதில் இடமில்லை, அவ்வளவுதான். 1932இல் லண்டன் கடிதம் வந்த அந்த வழியில் இன்று ஒரு பயணி வர முடியாது.