பரீட்சைக் கட்டணத்தில் ஓடிய பல்கலைக்கழகம்

பி.காம். படித்தவனிடம் ஒரு பல்கலைக்கழகத்தின் சரித்திரத்தைச் சொல்லச் சொன்னால் என்ன செய்வான்? வரவு செலவுக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவான். நானும் அதைத்தான் செய்யப்போகிறேன். வங்காள மறுமலர்ச்சி, தேசிய எழுச்சி பற்றியெல்லாம் எழுத இந்த ஊரில் ஆட்கள் நிறைய. (எங்கள் கிளையிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். டீ நேரத்தில் ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும்.)

நான் சொல்ல வந்தது கல்கத்தா பல்கலைக்கழகம் பணத்துக்கு என்ன செய்தது என்பதைப் பற்றி. இந்தியாவின் பழைய மாநிலப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றின் தலையெழுத்தும் அந்தக் கணக்கில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1857 ஜனவரி 24 அன்று சட்டம் போட்டு ஆரம்பித்தார்கள். அதே வருடம் பம்பாயும் நம் சென்னையும். மூன்றுக்கும் மாதிரி அன்றைய லண்டன் பல்கலைக்கழகம். அதாவது, பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. பல்கலைக்கழகத்தின் வேலை பரீட்சை வைப்பது, பட்டம் கொடுப்பது. 1858-இல் நடந்த முதல் பி.ஏ. பரீட்சையில் தேறியவர்கள் இரண்டே பேர். ஒருவர் பங்கிம் சந்திர சட்டர்ஜி, இன்னொருவர் ஜதுநாத் போஸ். அவர்களுக்கும் கருணை மதிப்பெண் போட்டுத்தான் கரையேற்றினார்களாம்!

எல்லை மட்டும் சின்னதல்ல. லாகூரிலிருந்து ரங்கூன் வரைக்கும், இலங்கைக் கல்லூரிகளும் உட்பட, கல்கத்தாவின் கீழ். பாடம் நடத்தாத நிறுவனத்துக்கு வாத்தியார் சம்பளம் கிடையாது, ஆய்வகம் கிடையாது. வருகிற பரீட்சைக் கட்டணத்தில் வினாத்தாள் அச்சடித்து, திருத்துகிறவர்களுக்குக் கூலி கொடுத்துவிட்டால் போதும். வங்கி பாஷையில் சொன்னால், முதலீடு குறைந்த, ரொக்கம் தவறாமல் வரும் தொழில்.

1904-இல் கர்சன் பிரபு பல்கலைக்கழகச் சட்டம் கொண்டுவந்தார். செனட் உறுப்பினர்கள் நூறு பேருக்கு மேல் போகக்கூடாது, அதிலும் பெரும்பான்மை அரசு நியமனம். அரசாங்கத்தின் பிடி இறுகுகிறது என்று படித்தவர்கள் எல்லாரும் கொதித்தார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு வரியும் இருந்தது: பல்கலைக்கழகமே பேராசிரியர்களை நியமித்துப் பாடம் நடத்தலாம்.

அந்த வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர் அசுதோஷ் முகர்ஜி. உயர் நீதிமன்ற நீதிபதி. துணைவேந்தர் பதவிக்குச் சம்பளம் கிடையாது. 1906 முதல் 1914 வரை ஒரு தடவை, 1921 முதல் 1923 வரை மறுபடி ஒரு தடவை அந்தப் பதவியில் இருந்தார். பரீட்சை வைக்கும் ஆபீஸை ஆராய்ச்சி நடக்கும் இடமாக மாற்ற வேண்டும் என்பது அவர் திட்டம்.

சரி, பணம்? மூன்று வழிகள் இருந்தன. மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள், விஷயமே இதில்தான் இருக்கிறது.

முதல் வழி, நன்கொடை. வக்கீல் தாரக்நாத் பாலித் 1912-இலும், இன்னொரு வக்கீல் ராஷ்பிஹாரி கோஷ் 1913-இலும் சொத்தைத் தூக்கிக் கொடுத்தார்கள். இருவருமாகச் சேர்ந்து இருபது லட்சத்துக்கு மேல். அந்தக் காலத்து இருபது லட்சம்! 1914 மார்ச்சில் அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நட்டார்கள். பாலித் பெயரில் அமைந்த இயற்பியல் இருக்கைக்கு 1917-இல் வந்தவர் நம் திருச்சிக்காரர், சி.வி. ராமன். அதுவரை கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரி. கணக்கு உத்தியோகத்தை விட்டு, சம்பளம் குறையும் என்று தெரிந்தே வந்தார். (எங்கள் வர்க்கத்துக்கு இது ஒரு சின்னப் பெருமை.) இருக்கைக்கு வருகிறவர் வெளிநாடு போய்ப் பயிற்சி பெற வேண்டும் என்று நன்கொடைப் பத்திரத்தில் இருந்தது. ராமன் போகமாட்டேன் என்றார். அசுதோஷ் அதற்கும் வழி செய்து கொடுத்தார்.

இரண்டாவது வழி, பரீட்சைக் கட்டணம். நன்கொடை வந்தது பெரும்பாலும் அறிவியலுக்கு. 1917-இல் முதுகலைப் படிப்புகளை எல்லாம் பல்கலைக்கழகமே நேரடியாக நடத்த ஆரம்பித்தது. 1919-இல் இந்திய மொழிகளில் எம்.ஏ. வந்தது. இந்தச் சம்பளச் செலவுக்குப் பெரும் பங்கு எங்கிருந்து வந்தது? மெட்ரிகுலேஷன் எழுதும் பையன்கள் கட்டிய கட்டணத்திலிருந்து. டாக்காவிலோ பரிசாலிலோ ஒரு குமாஸ்தா தன் மகனுக்குக் கட்டிய பணம், கல்கத்தாவில் ஒரு பேராசிரியரின் சம்பளமானது. அருமையான ஏற்பாடுதான். ஆனால் ஒரே வாடிக்கையாளரை நம்பிக் கடை நடத்துகிறவருக்குக் கடன் கொடுக்க நாங்கள் யோசிப்போம்.

யோசிக்க வேண்டிய காரணம் சீக்கிரமே வந்தது. 1917-இல் பாட்னா பிரிந்தது. 1920-இல் ரங்கூன், 1921-இல் டாக்கா. ஒவ்வொரு புதுப் பல்கலைக்கழகமும் கல்விக்கு நல்லது, கல்கத்தாவின் கல்லாவுக்கு நஷ்டம். 1921-இல் ஒத்துழையாமை இயக்கம் வேறு. மாணவர்கள் பள்ளி, கல்லூரியை விட்டு வெளியேற, பரீட்சை எழுதுகிறவர்கள் குறைந்தார்கள். 1919-இல் பதின்மூன்று தொகுதிகளாக வந்த சாட்லர் கமிஷன் அறிக்கை, மெட்ரிகுலேஷனையே தனி வாரியத்துக்குக் கொடுத்துவிடச் சொன்னது. அந்தக் கமிஷனில் அசுதோஷும் ஓர் உறுப்பினர்! யோசனை சரிதான். கட்டணம் போனால் அதற்கு ஈடு யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

மூன்றாவது வழி, அரசு மானியம். 1922-இல் பல்கலைக்கழகத்தில் சம்பளம் கொடுக்கவே திண்டாட்டம். வங்காள அரசு இரண்டரை லட்சம் ரூபாய் தருவதாகச் சொன்னது, நிபந்தனைகளோடு. கணக்கை அரசு கேட்கும் விதத்தில் காட்ட வேண்டும், நிதி நிலைமை சீராகும்வரை புதிய விரிவாக்கம் கூடாது என்ற வகையில் அவை இருந்தன. அசுதோஷ் செனட்டில் எழுந்து, அடிமைத்தனத்தோடு வரும் பணம் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். 1923-இல் கவர்னர் லிட்டன் பிரபு, அரசோடு ஒத்துப்போவதானால் பதவியில் தொடரலாம் என்ற பொருளில் கடிதம் எழுதினார். சூடான பதில் போனது, பதவியும் போனது. 1924 மே மாதம் பாட்னாவில் அசுதோஷ் காலமானார்.

இந்தக் கதையை இங்கே யார் சொன்னாலும் கைதட்டலோடு முடிப்பார்கள். எனக்கு அப்படி முடிக்க வரவில்லை. ஏனென்றால் அந்த நிபந்தனைகளைப் பார்த்தால், நாங்கள் கடன் ஒப்புதல் கடிதத்தில் போடுகிற அதே சமாச்சாரம்தான். மாதக் கணக்கு கொடு, கேட்காமல் புதுக் கிளை திறக்காதே. பொதுப் பணத்தைக் கொடுக்கிறவர் கணக்குக் கேட்பதில் என்ன தப்பு?

தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. கடன் ஒருநாள் அடைந்துவிடும், அன்றைக்கு நிபந்தனையும் தீர்ந்துபோகும். நன்கொடையில் நிபந்தனை பத்திரத்தில் ஒருமுறை எழுதியதோடு சரி. மூலதனம் கைக்கு வந்துவிட்டது, கொடுத்தவர் அடுத்த வருடம் வந்து புதிதாக ஒன்று கேட்கப்போவதில்லை. மானியம் அப்படியல்ல. வருடா வருடம் கேட்க வேண்டும், வருடா வருடம் அவர்கள் புதிதாக ஒரு நிபந்தனை போடலாம். கணக்கைக் காட்டு என்பதில் ஆரம்பிப்பது, யாரைத் துணைவேந்தராகப் போடுவது என்பதில் போய் முடியும். அசுதோஷ் பயந்தது இரண்டரை லட்சத்துக்கு அல்ல, அடுத்தடுத்த வருடங்களுக்கு என்று நினைக்கிறேன்.

பயந்தது நடந்தது. 1947 பிரிவினையில் கிழக்கு வங்காளத்துப் பள்ளி, கல்லூரிகள் போயின. 1951-இல் மேற்கு வங்காளத்துக்கு இடைநிலைக் கல்வி வாரியம் வந்து மெட்ரிகுலேஷனை எடுத்துக்கொண்டது. 1960-இல் பர்துவான், கல்யாணி, 1962-இல் வட வங்காளம் என்று மாவட்டங்கள் பிரிந்தன. பழைய செனட் மாளிகையையும் 1960-இல் இடித்துவிட்டார்கள். சொந்த வருமானம் சுருங்கச் சுருங்க, சம்பளத்துக்கு மாநில அரசு, வளர்ச்சிப் பணத்துக்கு யு.ஜி.சி. என்றானது.

2022 ஜூனில் மேற்கு வங்கச் சட்டமன்றம், கவர்னருக்குப் பதில் முதல்வரே வேந்தர் என்று மசோதா நிறைவேற்றியது. துணைவேந்தர் நியமனத்தில் கவர்னருக்கும் அரசுக்கும் நடந்த இழுபறியில், 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமே முன்னாள் தலைமை நீதிபதி யு.யு. லலித் தலைமையில் தேர்வுக் குழு அமைக்க வேண்டியதாயிற்று. நம் தமிழ்நாட்டிலும் இதே சண்டை, இதே நீதிமன்றம். 1923-இல் லிட்டனும் அசுதோஷும் கடிதத்தில் போட்ட சண்டைதான், ஆட்கள் மட்டும் வேறு.

என் பட்டச் சான்றிதழ் தந்த பல்கலைக்கழகத்துக்கு நான் மாணவனாகக் கொடுத்தது மூன்று வருடப் பரீட்சைக் கட்டணம் மட்டும்தான். அதன் ஆய்வகம் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. நம்மில் பலர் அப்படித்தான். அந்தக் கட்டணத்தில் எங்கேயோ ஒரு நூலகம் ஓடியிருந்தால் சந்தோஷம்.

என்னைக் கேட்டால், பல்கலைக்கழகத் தன்னாட்சி என்று யாராவது பேசும்போது சட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் வரவுப் பக்கத்தைப் புரட்டுங்கள். திருப்பிக் கேட்க முடியாத பணம் எவ்வளவு, வருடா வருடம் கைநீட்டி வாங்குகிற பணம் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். முதல் தொகை எவ்வளவோ, சுதந்திரமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.