கடிதக் கட்டும் கச்சேரி உத்தியோகமும்: பெல்லாரி அறிக்கையில் ஒரு வாக்கியம்

கடைசி ஆண்டு மாணவனை வேலைக்கென்று தனியே தயார் செய்வது நேற்று வந்த பழக்கம் என்றே கல்லூரி ஆசிரியர்களில் பலர் நினைக்கிறார்கள். பழைய கல்வி அறிவுக்காக இருந்தது, ஆங்கிலேயர் வந்துதான் அதைக் குமாஸ்தா வேலைக்குத் திருப்பினார்கள் என்ற நம்பிக்கை இதற்கு அடியில் இருக்கிறது. அதற்குச் சான்றாகப் பலரும் கையில் எடுப்பது தரம்பாலின் 'தி பியூட்டிஃபுல் ட்ரீ' (1983).

தரம்பாலுக்கு நாம் பட்ட கடன் பெரிது. 1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ தொடங்கிய சென்னை மாகாணப் பள்ளிக் கணக்கெடுப்பைத் தூசி தட்டி அச்சேற்றியவர் அவர். 12,498 பள்ளிகள் என்ற தொகையும், தமிழ் மாவட்டங்களில் சூத்திர வகுப்புப் பிள்ளைகளே மிகுதி என்ற உண்மையும் அவரால்தான் பொதுப்பேச்சுக்கு வந்தன. என் வழக்கு அவர் எண்ணியதோடு அல்ல, எண்ணாமல் விட்டதோடு. எத்தனை பேர், எந்தச் சாதி, கல்வி ஏன் நலிந்தது என்பவற்றில்தான் அவர் கண் நிலைத்தது. பெல்லாரி கலெக்டர் ஏ.டி. காம்ப்பெல் 1823 ஆகஸ்ட் 17இல் எழுதிய அறிக்கையிலும் அவர் அழுத்திக் காட்டுவது நாடு வறுமையடைந்ததைத்தான். அதே அறிக்கையில் பாடமுறையைச் சொல்லும் ஒரு வாக்கியத்துக்கு அந்தக் கனம் கிடைக்கவில்லை.

அந்த வாக்கியம் சொல்வது இது: வாத்தியார் பல இடங்களிலிருந்து கடிதங்களைத் திரட்டி வைத்துக்கொள்வார். அரசாங்கக் கடிதமும் அதில் இருக்கும், பிற கடிதமும் இருக்கும். பலவகைக் கையெழுத்துகளைப் பிள்ளைகள் அதிலிருந்து படித்துப் பழகவேண்டும். பிறகு சாதாரணக் கடிதம் எழுதவும் ஒப்பந்தப் பத்திரம் வரையவும் கற்பார்கள். செய்யுளை மனப்பாடம் செய்வதுகூட முக்கியமாக உச்சரிப்புத் தெளிவுக்கும், எதைக் கொடுத்தாலும் தட்டாமல் வாசிப்பதற்கும்தான் என்கிறார் காம்ப்பெல்.

கொஞ்சம் நின்று பாருங்கள். மணலில் விரலால் எழுதிப் பழகிய பையனுக்கு முன்னால் முன்பின் தெரியாத ஒருவரின் கிறுக்கல். அடித்தல் திருத்தல் இருக்கும், சுருக்கக் குறி இருக்கும். பக்தி நூல் ஓதுவதற்கு இந்தப் பயிற்சி வேண்டியதில்லை. கச்சேரிக்கும் (அரசு அலுவலகத்துக்கும்) கடைக்கும் வேண்டும். இன்றைய கல்லூரியில் மாதிரி மின்னஞ்சல் எழுத வைப்பதற்கு நேர் மூதாதை இதுதான் என்பேன். 'கம்யூனிகேஷன் ஸ்கில்' வகுப்பு அன்று செய்யுள் ஒப்பித்தலாக இருந்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பெல்லாரி நிஜாமிடமிருந்து கும்பெனி கைக்கு வந்தது 1800இல். அறிக்கை எழுதப்படுவதற்குள் 23 ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்தக் கடிதக் கட்டே கும்பெனிக் கச்சேரியின் விளைவாக இருக்கலாமே? இருக்கலாம். ஆனால் அங்கிருந்த 533 பள்ளிகளில் கன்னடம் 235, தெலுங்கு 226 போக மராத்தி 23, பாரசீகம் 21. ஆங்கிலம் ஒன்றே ஒன்று. மராத்தியும் பாரசீகமும் முந்தைய ஆட்சிகளின் கணக்கு மொழிகள், ஆவண மொழிகள். கும்பெனிக்காக மட்டும் முளைத்த பழக்கமென்றால் இந்த 44 பள்ளிகளை எப்படி விளக்குவது? அவற்றில் சில மராத்தி பேசும் குடும்பங்களுக்கும் முஸ்லிம் குடும்பங்களுக்கும் உரியவை என்று ஒருவர் சொன்னால், முழுதாக மறுக்க என்னிடம் சான்றில்லை. ஆகவே 1800க்கு முன் என்று சாய்வேனே தவிர, ஆண்டு குறிக்கமாட்டேன்.

உண்மையில் புதிதாக நேர்ந்தது படிப்பையும் வேலைப் பயிற்சியையும் பிரித்த பிரிவினை. ஆங்கிலக் கல்வி பெற்றவர்க்கே அரசு வேலையில் முன்னுரிமை என்று 1844இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் ஆணையிட்டார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்ததும் தேர்ச்சிச் சான்றே தகுதியாயிற்று. கடிதக் கட்டு வகுப்பறையை விட்டு வெளியேறியது. பிறகு அந்தப் பயிற்சிக்கு ஊர்தோறும் தட்டச்சு, சுருக்கெழுத்து நிலையங்கள். 'லோயர்' முடித்தவன் 'ஹையர்' எழுதக் காத்திருந்த பெஞ்சுகள். 2022இல் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் வேலைத்திறனைக் கல்லூரிப் பாடத்துக்குள் சேர்த்ததை, புது வரவு என்பதைவிட வெளியே போனது திரும்பி வந்ததாகவே படிக்கிறேன்.

பெல்லாரிப் பட்டியலில் 4 தமிழ்ப் பள்ளிகளும் இருக்கின்றன. அங்கே வாத்தியார் யாருடைய கடிதங்களைத் திரட்டினார் என்று காம்ப்பெல் எழுதவில்லை. பெல்லாரிப் படைமுகாமை ஒட்டி வந்த தமிழர் பிள்ளைகளுக்கானவை அவை என்று ஊகிக்கிறேன், ஊகம் மட்டுமே.