மரக்காணம் வட்டாரத் தொடக்கப் பள்ளிகள்: மாணவர் தொகையும் வகுப்பின் அளவும்

விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரையில், உப்பளங்களுக்குப் பேர்பெற்ற மரக்காணத்திலும் அதைச் சூழ்ந்த குப்பங்களிலும் உள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் பயிலும் குழந்தைகள், பெரும்பாலும் கடல்மேல் செல்வோர், அளத்தில் உப்பு வாருவோர், கழுவெளி ஏரிப் பக்கத்து வயல்களில் பாடுபடுவோர் ஆகியோரின் மக்கள். பழங்குடியினரான இருளர் வீட்டுப் பிள்ளைகளும் இவர்களுள் உண்டு. விடியுமுன் அளத்துக்குப் புறப்படும் குடும்பங்களுக்கு, 2023 ஆகஸ்டு 25 முதல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விஸ்தரிக்கப்பட்ட காலை உணவுத் திட்டம் பேருபகாரமே.

குடியிருப்பிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி இருத்தல் வேண்டும் என்பது விதியாதலின், குப்பங்கள் சிதறிக் கிடக்கும் இத்தகைய பிரதேசத்தில் பள்ளிகள் சிறியனவாக அமைவது இயல்பு. 2010 ஏப்ரல் 1-இல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்களையும், 90 வரை மூவரையும், 120 வரை நால்வரையும், 200 வரை ஐவரையும் விதிக்கிறது. 120 பேர் வரை ஆசிரியர் ஒருவருக்கு முப்பது பேர் என்னும் இவ்விகிதாசாரம் காகிதத்தில் திருப்திகரமானதுதான். ஆனால் பள்ளி சிறிதானால் வகுப்பும் சிறிதாகிவிடும் என்று எண்ணுவது பட்டணத்தார் மயக்கம். ஐம்பது குழந்தைகள் உள்ள பள்ளியில் வகுப்புக்குச் சராசரி பத்துப் பேர் என்று பதிவேடு காட்டும். அங்குள்ள இரு உபாத்தியாயர்களுள் ஒருவர் முதல் மூன்று வகுப்புகளை ஏற்றால், அவர் எதிரே முப்பது குழந்தைகளும் மூன்று வெவ்வேறு பாடங்களும் ஒரே அறையில் அமர்ந்திருக்கும். மற்றவர் விடுப்பெடுத்த நாளிலோ ஐம்பதும் அவர் தலைமேல்.

இந்நிர்ப்பந்தத்தையே போதனா முறையாக மாற்ற முயன்றது, 2007-08-இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல். 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் எனத் தேர்ச்சி நிலையால் பிரித்தது.

பெருந்தொற்றுக்குப் பின் 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் மாலை வகுப்புத் திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கப்பெற்றதும் இவ்வொன்றியத்து முதலியார்குப்பத்திலேதான். அம்மாலை வகுப்பில் தன்னார்வலர் ஒருவருக்கு இருபது பேர் என்று வரையறுத்தனர். பகற்பள்ளிக்குச் சட்டம் வகுத்த அளவினும் இது பத்துக் குறைவு.