லயத்து அடுப்பும் அந்தி உணவும்

நூலைப் பார்த்துச் சமைப்பது நம்மவரிடையே பழைய வழக்கமன்று. பாட்டியிடம் தாயும், தாயிடம் மகளும் கைப்பக்குவமாகக் கற்றுக்கொண்ட கலை அது. இலங்கையில் 1929ஆம் ஆண்டு 'சிலோன் டெய்லி நியூஸ்' சமையல் நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தமிழகத்தில் 1951ஆம் ஆண்டு மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' வெளிவந்து, புதுக்குடித்தனம் தொடங்கிய பெண்கள் பலருக்குப் பக்கத்தில் பெரியவர்கள் இல்லாத குறையைத் தீர்த்து வைத்தது. அவற்றின் பின்னர், குடும்பத்துக்கு வேண்டிய இராச் சாப்பாட்டை அரைமணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று உறுதி கூறும் நூல்களும் பெருகிவிட்டன.

அந்த அரைமணி நேரம் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது? அடுப்பு ஆயத்தமாக இருக்கிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. வேண்டிய பண்டங்கள் அலுமாரியில் இருக்கின்றன. இவ்வளவும் கைகூடிய பின்னர்தான் நூலாசிரியரின் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அத்தகைய நூலொன்றை ஊவா மலைத் தோட்டமொன்றின் லயத்துக்கு எடுத்துச் சென்று சோதித்துப் பார்த்தால், அதன் முதற் பக்கத்திலேயே கணக்குப் பிழைத்துவிடும்.

பதுளை, பசறை, ஹாலி-எல, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை என்று பரந்து கிடக்கும் தோட்டங்களில், விடியற்காலையில் வீட்டை விட்டு இறங்கும் பெண் கொழுந்து நிறுத்துத் திரும்பும்போது மாலை வெயில் மலைக்குப் பின்னே சாய்ந்துவிடும். பிள்ளைக்காம்பராவில் விட்ட குழந்தையை அழைத்து வரவேண்டும். பீலியில் தண்ணீர் பிடிக்கவேண்டும். கவ்வாத்து மலையிலிருந்து சேர்த்துவைத்த மிலாறை முறித்து அடுப்பு மூட்டவேண்டும். ஈர மிலாறு எளிதில் பற்றாது. பற்றினாலும் புகை அடங்காது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று அக்காலத்தில் கட்டப்பட்ட காம்பராவில் அந்தப் புகைக்கு நடுவேதான் பிள்ளைகள் பாடம் படித்தார்கள். இன்று சில லயங்கள் தனி வீடுகளாகியுள்ளன. சில வீடுகளில் எரிவாயு அடுப்பும் வந்துள்ளது. ஆயினும், அந்தி வேளையின் அவசரம் பெரும்பாலும் மாறவில்லை.

இந்த அவசரத்துக்கு மலையகப் பெண் கண்ட விடைதான் ரொட்டியும் சம்பலும். கோதுமை மாவை அகன்ற பாத்திரத்தில் கொட்டி, உப்பிட்டு, தேங்காய் இருந்தால் ஒரு கை தேங்காய்ப்பூச் சேர்த்து, தண்ணீர் தெளித்துப் பிசைவாள். உருட்டிக் கையாலேயே தட்டிக் கல்லிற் போடுவாள். முதல் ரொட்டி வேகும் நேரத்தில் செத்தல் மிளகாயும் வெங்காயமும் உப்பும் அம்மியில் அரைபட்டுச் சம்பலாகிவிடும். அருகில் ஒரு கேத்தலில் சாயம் கொதிக்கும். அளவுப் பாத்திரம் இல்லை, கையே அளவு. எந்த நூலும் இதைவிட விரைவான, இதைவிட எளிய குடும்ப உணவைக் கற்பித்துவிட முடியாது. ஆனால் இந்த எளிமை அவள் விரும்பித் தேர்ந்துகொண்டதன்று. வரலாறு அவள் கையில் வைத்துச் சென்றது.

திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து வந்த முன்னோர்கள் தம் ஊர்களில் கோதுமையை நம்பி வாழ்ந்தவர்கள் அல்லர். கேழ்வரகு, கம்பு, சாமை முதலியனவே ஏழைக் குடிகளின் அன்றாட உணவு; அரிசிச் சோறு திருநாளுக்குரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தபோது, நாள்தோறும் சோறு உண்ணலாம் என்ற நம்பிக்கையும் அவர்களோடு வந்தது. தோட்டம் அரிசி கொடுத்தது மெய்தான். அதன் விலையைக் கூலியிலே கழித்துக்கொண்டதும் மெய்தான். 1869ஆம் ஆண்டு தோன்றிய இலை நோயினாற் கோப்பி அழிந்து தேயிலை தழைத்த பின்னரும் இந்த முறை தொடர்ந்தது. இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலேறி வந்த அரிசி, மாட்டு வண்டிகளில் ஊவா மலைகளின் மீது ஏறிற்று. 1924ஆம் ஆண்டு புகையிரதம் பதுளையை எட்டியது. தேயிலைப் பெட்டிகளை இறக்கிச் சென்ற அதே பாதையில் அரிசி மூட்டைகள் ஏறி வந்தன.

1942ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஜப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றினர். பர்மா அரிசி நின்றது. பங்கீட்டு முறை வந்தது. அரிசி குறைந்த இடத்தைக் கோதுமை மா நிரப்பத் தொடங்கியது. போர் முடிந்த பின்னரும் மா அடுப்படியை விட்டு அகலவில்லை. 1953ஆம் ஆண்டு பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தபோது நாடே கொந்தளித்தது. சோற்றின் விலை ஏறுந்தோறும் ரொட்டியின் தேவையும் ஏறிற்று.

அந்த ரொட்டிக்கும் ஒரு காலத்தில் பஞ்சம் வந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் தானிய விலை ஏற, அரிசிப் பங்கும் மாப் பங்கும் குறைக்கப்பட்டன. கிராமத்து உழவனுக்கு ஒரு துண்டு வயலோ சேனையோ இருந்தது. தோட்டத் தொழிலாளிக்குத் தேயிலைச் செடி இருந்தது. அதைத் தின்ன முடியாது. அக்காலத்தில் தோட்டங்களில் மரண விகிதம் உயர்ந்தது. மரவள்ளிக் கிழங்கும் காட்டுக் கீரையும் உயிர்காத்த அந்நாட்களை இன்றும் முதியோர் மறந்தாரில்லை. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் மாவின் விலை பல மடங்கு உயர்ந்தபோது அவர்களுக்கு அந்த நினைவு மீண்டும் வந்திருக்குமன்றோ!

ரொட்டியும் சம்பலும் பசியைத் தணிக்கும். வளரும் பிள்ளையின் உடலைக் கட்டி எழுப்பப் போதா. 2016ஆம் ஆண்டின் நாடளாவிய சுகாதாரக் கணக்கெடுப்பில், வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்திலோ ஏறக்குறைய 32 பேர். கிழங்கும் போஞ்சியும் கரட்டும் விளைந்து கொழும்புக்கு ஏற்றப்படும் வெலிமடைப் பள்ளத்தாக்கு இதே ஊவாவில்தான் இருக்கிறது என்பதை எண்ணும்போது, இக்குறை நிலத்தின் குறையன்று என்பது விளங்கும்.

பருப்போ நெத்தலியோ ஒரு பிடி வல்லாரையோ அந்த ரொட்டியோடு சேர்ந்தால் உணவு நிறைவு பெறும். இதைத் தாய்மார் அறியாதவர்கள் அல்லர். பருப்புக்குக் காசு வேண்டும். கீரை ஆய்வதற்கு நேரம் வேண்டும். காசின் கதையைக் கூலிப் போராட்டங்கள் சொல்லும். நேரத்தின் கதையைச் சொல்வாரில்லை. 1984ஆம் ஆண்டு தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்கூலி சமமாயிற்று. பெருவெற்றிதான் அது. ஆனால் கணக்கு வேலையை முடித்த ஆண் பிற்பகலிலேயே வீடு திரும்புவதுண்டு. பெண் அந்தியில் திரும்பி அடுப்பெதிரே குந்துகிறாள். கூலியில் வந்த சமத்துவம் அடுப்படிக்கு வந்து சேரவில்லை. முன்னே வந்தவர் தண்ணீர் பிடித்து, மிலாறு முறித்து, பருப்பை உலையிலிட்டு வைத்தால், நூல்கள் கூறும் அந்த அரைமணி நேரம் லயத்திலும் மெய்யாகும்.

ஊவாவின் மற்றொரு மாவட்டமாகிய மொனராகலையின் சேனைகளில் குரக்கன் விளைகிறது. நம் முன்னோர் கேழ்வரகு என்று வழங்கி, ஏழையின் உணவென்று எண்ணி, கடலுக்கு அப்பால் விட்டுவந்த தானியம் அதுவே. கோதுமை மாவோடு ஒரு பங்கு குரக்கன் மாவைக் கலந்து தட்டும் ரொட்டிக்கு நேரம் கூடுதலாகத் தேவையில்லை. சத்து மட்டும் கூடும். மலையக மக்களுக்கென்று ஒரு சமையல் நூல் எழுதப்படுமானால் அந்த ரொட்டியை அதன் முதற் பக்கத்தில் எழுதலாம். மாவைப் பிசைய இரண்டு கைகள் போதும். அந்தி வேலைக்கு நான்கு கைகள் வேண்டும் என்பதையும் அங்கேயே எழுதிவைத்தல் நலம்.